10 மெகாவாட் விறகு மின் நிலையம்: சீமை உடை (சீமைக்கருவேலம்) எத்தனை வருஷத்துக்குக் காணும்?

சித்தாறு_கரை

திருநெல்வேலி மாவட்டம் மானூர், கங்கைகொண்டான் வட்டாரத்தில் தொழிற்பேட்டையை ஒட்டி 10 மெகாவாட் விறகு மின் நிலையம் ஒன்று வரப்போவதாகப் பேச்சு. மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அதனால் கம்பெனி பெயரும் சர்வே எண்ணும் இந்த இழையில் வேண்டாம்.

டீக்கடையில் ரெண்டு கட்சி. "கருவேலம் ஒழியும், நாலு பேருக்கு வேலை" என்பது ஒன்று. "சிமெண்டுத் தூசி போதாதா, இன்னொரு புகைக்கூண்டா" என்பது மற்றது. கணக்குப் பேச ரெண்டு கட்சியிலும் ஆள் இல்லை.

திட்டச் சுருக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: மணிக்கு 45 டன் நீராவி பாய்லர், டிராவலிங் கிரேட் (விறகு எரியும் நகரும் தட்டு), எரிபொருள் "சீமைக்கருவேலம் மற்றும் வேளாண் கழிவு", தண்ணீர் "உள்ளூர் நீராதாரம்", புகைக்கூண்டு 30 மீட்டர், தூசிக்கு ஈஎஸ்பி (மின்சாரத்தால் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும் கருவி). விஷயம் தெரிந்தவர்கள் எரிபொருளிலிருந்து ஆரம்பியுங்கள்.

பாய்லர்_அண்ணாச்சி

எரிபொருள்தான் மொத்தக் கதையும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான்.

இந்த சைஸ் நிலையம் ஒரு யூனிட் எடுக்க சுமார் 4200 கிலோ கலோரி தின்னும். சீமை உடை நல்லா காஞ்சு ஈரம் 20 சதவீதத்துக்கு வந்துட்டா கிலோவுக்கு 3500 கிலோ கலோரி கிடைக்கும். அப்ப யூனிட்டுக்கு 1.2 கிலோ. முழு லோடுல நாளுக்கு 2,40,000 யூனிட், அதாவது 290 டன் விறகு. அதே மரத்தை இன்னைக்கு வெட்டி நாளைக்கே கொண்டுவந்தா ஈரம் 45 சதவீதம் இருக்கும், வெப்பம் 2400-க்கு இறங்கிடும். நாளுக்கு 420 டன். அதுவும் கணக்குக்குத்தான். அவ்வளவு ஈர விறகைக் கிரேட்டுல போட்டா சூளை வெப்பம் ஏறாது, நீராவி அழுத்தம் நிக்காது, ஏழு மெகாவாட்டுக்கே முக்கும்.

திட்டத்துல "300 டன்"னு போட்டிருந்தா அது காஞ்ச விறகுக் கணக்கு. காய வைக்க எங்க இடம்னு கேளுங்க. ஒரு மாச இருப்பு 9000 டன். துண்டாக்கின விறகு கன மீட்டருக்கு 250-300 கிலோதான் நிக்கும், அப்ப 30,000 கன மீட்டர் அம்பாரம். அஞ்சு மீட்டர் உயரத்துக்குக் குவிச்சாலும் அம்பாரத்துக்கு மட்டும் ஒன்றரை ஏக்கர், வண்டிப்பாதை, தீயிடைவெளி சேர்த்தா மூணு, நாலு. அஞ்சு மீட்டருக்கு மேல குவிச்சா உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சூடேறும். கம்பி வெப்பமானியைச் சொருகிப் பார்த்து 60 டிகிரி தாண்டினா அம்பாரத்தைக் கலைச்சுப் போட்டே ஆகணும். கலைக்கலைன்னா தீ அடிவயித்துல இருந்து வரும். வெளியே புகை தெரியும்போது காலம் கடந்துரும்.

கரிசல்77

மேலே சொன்ன எடை சரி. இப்போது அந்த எடை எங்கிருந்து வரும்?

வருஷத்தில் 80 சதவீதம் ஓடினால் 7 கோடி யூனிட். யூனிட்டுக்கு 1.3 கிலோ என்று நடுவாக வைத்தால் 91,000 டன். காய்ந்த நிலத்து உடைக்காடு, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டினால் ஏக்கருக்கு 8 டன் தரும் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம், ஆட்சேபம் இருந்தால் வேறு எண் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 11,400 ஏக்கர் வெட்ட வேண்டும். நாலு வருஷச் சுற்றுக்கு 45,500 ஏக்கர் உடைக்காடு எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

"கருவேலத்தை ஒழிக்கிறோம்" என்கிற கதை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஒழிப்பதென்றால் ஜேசிபி விட்டுத் தூரோடு பிடுங்க வேண்டும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி தென் மாவட்டங்களில் நடந்த வேலை அதுதான். தூர் போனால் நாலு வருஷம் கழித்து வெட்ட மரம் இருக்காது. தூரை விட்டுவிட்டு மேலே மட்டும் அறுத்தால் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். நிலையத்துக்கு இருபது வருஷம் விறகு வேண்டுமென்றால் உடை இருபது வருஷம் இருந்தாக வேண்டும். கம்பெனிக்கு மரம் வேண்டும், விவசாயிக்கு மரம் வேண்டாம். மனுவில் ரெண்டையும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள்.

பாய்லர்_அண்ணாச்சி

தூரோட பிடுங்கினதையும் எரிக்கலாமேன்னு ஒருத்தர் கேப்பார், முன்கூட்டியே சொல்லிடுதேன். தூருல ஒட்டிக்கிட்டு வர்ற கரிசல் மண்ணு கிரேட்டுக்குப் போய் உருகிக் கட்டியாப் படியும். சாம்பல்ல பொட்டாசியம் ஜாஸ்தி, அதோட மணலும் சேர்ந்தா 900 டிகிரியிலயே இளகிடும். நீராவியை இன்னும் சூடேத்துற சூப்பர் ஹீட்டர் குழாய் மேல கல்லு மாதிரி ஒட்டும். படிஞ்சதை ஊதி உதிர்க்கிற சூட் புளோயர் அடிச்சாலும் உதிராது, பாய்லரை நிறுத்தி ஆள் உள்ளே போய்க் கொத்தணும். வைக்கோல், பருத்திமார் இதெல்லாம் இன்னும் மோசம், குளோரின் வேற இருக்கு, குழாயை அரிச்சிரும். "வேளாண் கழிவு"ன்னு தாள்ல எழுதறது சுலபம்.

மேலக்காத்து

எல்லாரும் எதிர்த்துப் பேசினால் எப்படி? இதே உடையை இப்போது என்ன செய்கிறோம்? விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். மண் மூடிய மூட்டத்திலிருந்து வரும் வெள்ளைப்புகைக்கு எந்த ஈஎஸ்பி, எந்த மீட்டர்? செங்கல் சூளை? அறுப்பு முடிந்ததும் வயலில் கொளுத்துகிறவர்கள்? அதையெல்லாம் சும்மா விட்டுவிட்டு, புகைக்கூண்டில் மீட்டர் மாட்டியிருக்கிற ஒருத்தனை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

வேலைக் கணக்கும் சொல்லுங்கள். கையால் வெட்டினால் ஆளுக்கு நாளைக்கு முக்கால் டன் என்றால் 300 டன்னுக்கு 400 பேர். உள்ளே மூன்று ஷிப்டுக்கு எழுபது எண்பது பேர் வந்தாலும் அதைவிட இந்த 400 பெரிசு. மழை பொய்த்த வருஷம் கரிசல்காட்டில் வேறு என்ன கூலி இருக்கிறது?

கரிசல்77

@மேலக்காத்து, மூட்டப் புகை விஷயம் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். 400 பேர் கணக்கு நிற்காது. மர அறுவை மெஷினும் டிராக்டரில் ஓடும் துண்டாக்கும் மெஷினும் வந்தால் ஆள் எண்ணிக்கை கால்வாசி ஆகிவிடும். 300 டன்னைக் கையால் வெட்டி எந்தக் கம்பெனியும் நடத்தாது.

அதைவிட முக்கியம் மாசக் கணக்கு. ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் கரிசலில் லாரி இறங்காது, டயர் முக்கால்வாசி புதைந்துவிடும். குளத்துக்குள் நிற்கிற உடை தண்ணீருக்குள் போய்விடும். வெட்டி வைத்ததும் நனைந்திருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வரத்து பாதியாகக் குறையும். கையிலிருப்பதோ ஒரு மாச இருப்பு. மிச்சத்துக்கு என்ன எரிப்பார்கள்?

சித்தாறு_கரை

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறதே.

கரிசல்77

அதேதான். இறக்குமதி நிலக்கரி.

தாள்_பார்ப்பவன்

சட்டப் பக்கம் சுருக்கமாக. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006, அட்டவணை 1(டி), அதற்குப் பின்னால் வந்த திருத்தம். 15 மெகாவாட் வரையிலான விறகு மின் நிலையங்கள், துணை எரிபொருளாக நிலக்கரி போன்றவற்றை 15 சதவீதத்துக்குள் பயன்படுத்தினால், முன் அனுமதி தேவையில்லை. முன் அனுமதி இல்லையென்றால் மக்கள் கருத்துக்கேட்பும் இல்லை. "கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்து" என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் சட்டப்படி தேவையில்லை என்ற பதில்தான் வரும்.

மிச்சமிருப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு: நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981. நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. நிபந்தனைகள் எல்லாம் அந்த ஆணையில்தான் வரும். பேசுவதென்றால் நிறுவும் இசைவு கையெழுத்தாவதற்கு முன்னால் பேச வேண்டும். அதற்குப் பிறகு மேல்முறையீடு, தீர்ப்பாயம் என்று அலைச்சல்தான்.

அந்த 15 சதவீதத்தில் ஓட்டை ஒன்று உண்டு. வருஷ சராசரி என்று எடுத்துக்கொண்டால், மழைக்கால மூன்று மாசம் பாதிக்குப் பாதி நிலக்கரி எரித்து, மிச்ச ஒன்பது மாசம் வெறும் விறகு எரித்தால் என்ன வரும்?

பாய்லர்_அண்ணாச்சி

பன்னெண்டரை சதவீதம். வரம்புக்குள்ள ஜம்முன்னு உக்காந்துரும்! பாதி லோடுக்கு 4500 கிலோ கலோரி நிலக்கரி நாளுக்கு 110 டன் சொச்சம், 90 நாளைக்குப் பத்தாயிரம் டன். ஊருக்கு அது நிலக்கரி மின் நிலையம், தாளுக்கு விறகு மின் நிலையம்.

ஆனா ஒரு இடத்துல மாட்டுவாங்க. புகைக்கூண்டு உயரத்தைப் பாருங்க. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுதோ, அதை 0.3 அடுக்குக்கு ஏத்தி 14-ஆல் பெருக்கினா மீட்டர்ல உயரம் வரும். குறைந்தபட்சம் 30. விறகுல கந்தகம் ஏறக்குறைய 0.05 சதவீதம். மணிக்கு 12.5 டன் விறகுன்னா 12.5 கிலோ கந்தக டை ஆக்சைடு. கணக்கு 29.9 மீட்டர். திட்டத்துல இருக்கிற 30 மீட்டர் அப்படி வந்ததுதான்.

இப்ப பாதி நிலக்கரி போடுங்க. மணிக்கு 4.7 டன், கந்தகம் 0.6 சதவீதம்னா 56 கிலோ, மிச்சப் பாதி விறகுக்கு 6 கிலோ. மொத்தம் 62. உயரம் 48 மீட்டர் வரணும். 30 மீட்டர்னு மனு போட்டவங்க, "நான் நிலக்கரியை அந்த அளவு எரிக்க மாட்டேன்"னு தன் கையாலயே எழுதிக் கொடுத்திருக்காங்க. அதைப் பிடிங்க.

தாள்_பார்ப்பவன்

இது நல்ல பிடி. "புகைக்கூண்டு உயரம் விறகுக்கு மட்டும் கணக்கிடப்பட்டிருப்பதால், நிலக்கரி பங்கு எந்த ஒரு நாளிலும் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது" என்று நிபந்தனை கேட்கலாம். வருஷ சராசரி என்ற சொல்லே ஆணையில் வரக்கூடாது.

மேலக்காத்து

நாள் கணக்கு ரொம்பக் கடுமை. கனமழையில் ரெண்டு நாள் லாரி வரவில்லையென்றால் பாய்லரை அணைத்துவிட வேண்டியதுதானா? குளிர்ந்த பாய்லரை மறுபடி ஏற்ற எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அந்த நேரப் புகைதான் மோசம். மாசக் கணக்கு என்று கேளுங்கள், கம்பெனியும் ஒத்துக்கொள்ளும்.

பாய்லர்_அண்ணாச்சி

அதுல உண்மை இருக்கு. தீ மூட்டும்போது புகை வெப்பம் 110, 120 டிகிரி வர்றதுக்கு முன்னால ஈஎஸ்பியில கரண்ட் கொடுக்க மாட்டாங்க. தகட்டுல ஈரம் படியும், எரியாத வாயு இருந்தா வெடிக்கவும் செய்யும். அதனால ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் சில மணி நேரம் கரும்புகை நேரா வெளியே. ஈர விறகுன்னா இன்னும் கூடும். மாசக் கணக்குக்கு நானும் சரி. ஆனா வருஷத்துல எத்தனை ஸ்டார்ட்டுன்னும் பதிவேட்டுல எழுதணும்.

பை வடிகட்டி போடச் சொல்லலாமேன்னு கேக்காதீங்க. விறகுக்கரிப் பொறி பறந்து வந்து பையை ஓட்டை போட்டுரும். முதல்ல புகையைச் சுழல விட்டுப் பெருந்தூசியைப் பிரிக்கிற மல்டி சைக்ளோன், பின்னால மூணு ஃபீல்டு, அதாவது தனித்தனியாக் கரண்ட் போற மூணு பகுதி உள்ள ஈஎஸ்பி. ஒரு ஃபீல்டு படுத்தாலும் ரெண்டு ஓடும். ரெண்டு ஃபீல்டோட மட்டும் வாங்கி வச்சா, ஒண்ணு படுத்தா தூசி அப்படியே ஊர் மேலதான்.

சுருக்கா_கேளு

எந்த ஊர் மேல? காத்து எந்தப் பக்கம்?

சித்தாறு_கரை

வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேல்காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவது. புகை கிழக்கே சாயும். ஐப்பசி முதல் தை வரை வாடை, புகை தென்மேற்கே இறங்கும். நிலக்கரி எரியக்கூடிய மாசமும் வாடைக்கால மாசமும் ஒன்று. அதனால் தெற்கிலும் மேற்கிலும் இருக்கிற ஊர்க்காரர்கள்தான் முதலில் கேட்க வேண்டியவர்கள். இப்போது அதிகம் சத்தம் போடுவது கிழக்குப் பக்கம்.

தண்ணீருக்கு வருவோமா?

பாய்லர்_அண்ணாச்சி

ரெண்டு வழி. கூலிங் டவர் போட்டா ஆவியாப் போறது மணிக்கு 40 கன மீட்டர், உப்புத் தண்ணியா வெளியேத்தறது 10. நாளைக்கு 12 லட்சம் லிட்டர். ஏசிசி, அதாவது காற்றால குளிர வைக்கிற கண்டென்சர் போட்டா நாளைக்கு ஒண்ணு, ஒண்ணரை லட்சம் லிட்டர்ல முடிஞ்சிரும்.

ஏசிசி விலை கூட, ஃபேன் கரண்ட் கூட. சித்திரை வெயில் 40 டிகிரி அடிக்கும்போது கண்டென்சருக்குள்ள வெற்றிடம் குறைஞ்சு உற்பத்தி இறங்கும். நம்ம பக்கம் இன்னொரு சிக்கல், ஆடிக்காத்து. ஃபேன் மேல தள்ளுற சூடான காத்தை மேல்காத்து மடக்கி மறுபடி ஃபேனுக்கு அடியிலயே கொண்டுவந்து விடும். வெற்றிடம் சட்டுனு விழுந்து டர்பைன் டிரிப் ஆகும், அதாவது தானா நின்னுரும். பாய்லர் கட்டடத்தை ஏசிசிக்கு மேற்கே ஒட்டிக் கட்டினா இது நிச்சயம். வரைபடத்துல அதைப் பாருங்க, காத்துத் தடுப்புத் திரை இருக்கான்னும் பாருங்க.

கரிசல்77

12 லட்சம் லிட்டர் எவ்வளவு என்று தெரியாதவர்களுக்கு: ஜல் ஜீவன் குடிநீர்த் திட்ட அளவான ஆளுக்கு 55 லிட்டர்படி 21,800 பேருக்கு ஒரு நாள் குடிநீர். 12,000 லிட்டர் டேங்கரில் நூறு நடை.

"உள்ளூர் நீராதாரம்" என்றால் என்ன? ஆழ்துளைக் கிணறா, சித்தாறா, தாமிரபரணியா? தாமிரபரணி என்றால் ஊர் சும்மா இருக்காது. குளிர்பானக் கம்பெனிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று 2016 நவம்பரில் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டு, 2017 மார்ச்சில் நீக்கியது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுப் பாசனமும் கார் பருவத்துக்கு வானம் பார்த்து நிற்கும்போது, கொதிகலனுக்கு ஆற்றுநீர் கேட்டால் பதில் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ஆழ்துளைக் கிணறு என்றால் உப்புநீர், ஆர்ஓ போட வேண்டும், கழிவு உப்புநீர் சித்தாற்றில் இறங்கி சீவலப்பேரியில் தாமிரபரணியில்தான் சேரும்.

மேலக்காத்து

ஏசிசி என்று நிபந்தனை போட்டால் இந்த வாதம் முடிந்தது. நான் அதற்கு ஆதரவு. ஃபேன் சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் ஆறு வரை 45. தொழிற்பேட்டை எல்லையில் அளந்து 70 என்று காட்டுவார்கள். கடைசி வீட்டு வாசலில் இரவு அளக்கச் சொல்லுங்கள்.

சுருக்கா_கேளு

இது வந்தா நம்மூர்ல கரண்ட் கட் ஆகாதுல்ல?

பாய்லர்_அண்ணாச்சி

ஆகும். இங்க எடுக்கிற கரண்ட் 110 கேவி லைன்ல ஏறி வெளியே போயிரும். லைன் போச்சுன்னா நிலையமும் டிரிப் ஆகும், தனியா ஊருக்கு மட்டும் ஓட்ட மாட்டாங்க. பத்து மெகாவாட்டுங்கறது பாபநாசம் நீர்மின் நிலையத்துல (32) மூணுல ஒரு பங்குகூட இல்ல. கூடங்குளம் ரெண்டு யூனிட்டும் சேர்ந்து 2000. அதுக்காக வேண்டாம்னு சொல்லல. ஆனா கரண்ட் கட்டுக்கு இது மருந்து இல்ல.

சித்தாறு_கரை

அதே இடத்தில் சோலார் போடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். 10 மெகாவாட் சோலாருக்கு 40, 50 ஏக்கர் வேண்டும், வருஷம் ஒன்றரைக் கோடி யூனிட் சொச்சம் வரும். விறகு நிலையம் 7 கோடி. அதுவும் ராத்திரியில் ஓடும். ரெண்டையும் சமமாக வைத்துப் பேச முடியாது.

சாம்பலை எங்கே கொட்டுவார்கள்?

கரிசல்77

சுத்தமான விறகென்றால் 3 சதவீதம், நாளைக்கு 9 டன். மண்ணோடு வந்தால் அது ரெண்டு மடங்கு. "உரமாக விவசாயிகளுக்கு இலவசம்" என்பார்கள். விறகுச் சாம்பலின் காரம் (pH) 10-க்கு மேல். நம் கரிசல் ஏற்கெனவே கார மண், அதில் கொட்டினால் துத்தநாகம், இரும்பு பயிருக்குக் கிடைக்காமல் உளுந்து மஞ்சளடிக்கும். நிலக்கரி கலந்து எரித்த சாம்பலை வயலில் போடவே வேண்டாம். செங்கலுக்குக் கொடுக்கலாம். மூடிய லாரியில், ஈரப்படுத்தி.

இன்னொன்று. நம் பக்கத்து நாட்டு உடை, குடை மாதிரி தலை விரித்து நிற்குமே, அது வேறு மரம், ஆடு அதன் நெற்றை விரும்பித் தின்னும். காண்டிராக்டர் வாள் நாட்டு உடையையும் சீமை உடையையும் பிரித்துப் பார்க்காது. எடைமேடையில் ரெண்டும் ஒரே விலை. நாட்டு உடை, நாட்டுக் கருவேலம், புளி வரக்கூடாதென்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம் 288.40 ஹெக்டேர், 2013-ல் அறிவித்தது. அதன் எல்லையை ஒட்டி வெட்டும் வண்டியும் போகக் கூடாது. இரவில் விறகு லாரி நான்குவழிச் சாலையில் ஏறினால் மான் அடிபடும். நாளைக்கு 10 டன் லாரி முப்பது, போக வர அறுபது நடை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மட்டும் என்றால் நடக்கும்.

தாள்_பார்ப்பவன்

மனு வரைவு போட்டிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். ஏசிசி கட்டாயம், நீராதாரம் கிணற்று எண்ணோடு. நிலக்கரி எந்த மாதத்திலும் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, எடையில் அல்ல, வெப்ப அளவில். எடையில் கணக்கு வைத்தால் நிலக்கரிக்கு வெப்பம் கூடுதல் என்பதால் ஏமாற்றிவிடலாம். மூன்று ஃபீல்டு ஈஎஸ்பி, புகைக்கூண்டில் மாட்டிய மீட்டர் காட்டும் அளவு வாரியத்தின் கிண்டி மையத்துக்குப் போவதோடு ஆலை வாசலில் பலகையிலும் ஓட வேண்டும். விறகு வந்த தாலுகா, எடை, ஈரப்பதம், வண்டி எண் உள்ள பதிவேடு. அக்டோபர் மாதத்துக்குள் கூரைக்கு அடியில் 45 நாள் காய்ந்த இருப்பு.

இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு நகலை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அடுத்த கிராம சபை வரை மனு நிற்குமா என்று தெரிய, இன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்டுவிடுங்கள்.

மேலக்காத்து

45 நாள் இருப்பு என்றால் 13,000 டன்னுக்குக் கூரை. செலவு தாங்காது. பாதிக்குக் கூரை, பாதிக்குத் தார்ப்பாய் என்று போடுங்கள்.

பாய்லர்_அண்ணாச்சி

தார்ப்பாய் போட்டு மூடினா புழுங்கும், மேல சொன்ன தீ ஞாபகம் இருக்கட்டும். துண்டாக்காத கட்டையைத் தார்ப்பாய்க்கு அடியில வைக்கலாம், காத்து போகும். துண்டு போட்டதுக்கு மட்டும் கூரை. அப்படித் திருத்துங்க.

சுருக்கா_கேளு

ஈரப்பதம் எடைச்சீட்டுல வருமா? யார் அளக்கறது?

பாய்லர்_அண்ணாச்சி

சீட்டுல தானா வராது. ஒவ்வொரு லாரியிலயும் மேல, நடு, அடின்னு மூணு இடத்துல எடுத்து, கலந்து ஒரு கிலோ, 105 டிகிரி அடுப்புல எடை மாறாத வரைக்கும் காய வச்சு, எடைக் குறைவைப் பார்த்து எழுதணும். ஊசி மீட்டர் சொருகிப் பார்க்கறது துண்டு விறகுக்குச் சரிவராது. கம்பெனியே இதைச் செய்யும், ஏன்னா ஈரத்துக்குக் காசு கொடுக்க அவங்களுக்கு மனசு வராது. நமக்கு வேண்டியது அந்த நோட்டோட நகல்தான்.